எத்திராஜ் எடுத்த கணக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுன் எத்திராஜ் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எட்டு வருடமாகக் குப்பை கொட்டுபவர். தொண்ணூற்றெட்டில் வேலூரிலிருந்து வந்து சேர்ந்த ரூபினியை, ஆறே மாதத்தில் மேனேஜர் தலையில் தூக்கி வைத்து ஆடியதைக் கண்டு அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் எழுதிய புரோகிராம் சர்வரை இயக்கும் மையப் புரோகிராமான கெர்னலுக்குள் போனதும், "இது மெமரியத் தின்னாம இருக்குமா, பாக்கலாம்" என்று கறுவிக்கொண்டார்.

ஓடுகிற சர்வரை நிறுத்தாமலே, கெர்னலில் எந்தப் பகுதி எவ்வளவு மெமரி வாங்கியது, எவ்வளவு திருப்பித் தந்தது என்று நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் புரோகிராம் ஒன்றை அவரும் எழுதி உள்ளே சேர்த்தார். மூன்றே நாளில் காலி மெமரி கரைந்தது. எத்திராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் கணக்கைப் பிரிண்ட் எடுத்த தாளை முழுதாகப் படிக்கக்கூடப் பொறுமையில்லாமல் ரூபினியின் மேஜையில் போட்டார்.

"என்னம்மா, உன் புரோகிராம் மெமரிய முழுங்குதே?"

ரூபினி விரலை வரிவரியாக இறக்கினாள். "என்னுது வாங்கினதெல்லாம் திருப்பிக் குடுத்திருக்கு சார். இந்தக் கடைசி வரிதான் ஒரு தபாகூடத் திருப்பிக் குடுக்கல."

கடைசி வரியில் இருந்தது அவருடைய கணக்கெடுப்பு புரோகிராமின் பெயர்.

சாயங்காலத்துக்குள் அவளே அதைச் சரிசெய்து கொடுத்தாள், மேனேஜரிடம் மூச்சுவிடவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார் எத்திராஜ்.