சத்தம் குறைந்த கம்ப்யூட்டர் கேட்டவர்கள்

கம்ப்யூட்டர் விற்க வாய் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் தொண்ணூறுகளில் என்னைப் பினாங்கு ஜார்ஜ் டவுன் கடையொன்றில் வேலைக்கு எடுத்தார்கள். காதும் வேண்டும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. கடையில் நின்றே காலம் தள்ளிய உங்களுக்கும் இப்படிச் சில முகங்கள் மறக்காமல் இருக்கும்.

ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில்

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து முனியாண்டி என்ற லோரி டிரைவர் வந்தார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் கரண்டு அதிகம் இழுக்கக் கூடாது என்றார். பில்லுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, "பெருசா ஒண்ணும் ஏறாது அண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வீட்டில் வயரிங் பழசு. இஸ்திரிப் பெட்டியும் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடினாலே பியூஸ் போய்விடும். ஒருமுறை போனதை யாரும் கவனிக்கவில்லை. ஐஸ்பெட்டி என்று அவர் சொன்ன பிரிட்ஜும் நின்று, உள்ளே இருந்த மனைவியின் இன்சுலின் கெட்டுவிட்டது. தெரியாமல் அதையே போட்டுக்கொண்டு அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இருப்பதிலேயே குறைவாகக் கரண்டு இழுப்பதை எடுத்துக் காட்டினேன். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "புள்ளைங்க படிக்கணும் தம்பி. ஆனா அந்த ஐஸ்பெட்டி நிக்கக் கூடாது லா."

கடையின் இரண்டு கோடியில்

ஜெலுத்தோங்கிலிருந்து பரீதா அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். சாப்பாட்டுக் கடை நடத்தியவர் கணவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் குரல் போய், வெறும் காற்றுதான் வந்தது. கம்ப்யூட்டர் மகளுக்கு. வைக்கப்போவது ஹாலில், அவர் படுப்பதும் அங்கேதான். அவர் கூப்பிட்டால் அடுப்படியில் இருக்கும் அக்காவுக்குக் கேட்க வேண்டும்.

"எல்லா ஃபேனையும் அடைச்சிருங்க தம்பி" என்றார் அக்கா. கடையின் ஃபேன்களை எல்லாம் நிறுத்தினேன். கணவரைக் கடைக்கோடியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் வாசல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றார். நடுவில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஓட்டினேன். புதிய மாடல் உறுமியது. அவர் உதடு அசைந்தது, அக்கா திரும்பவில்லை. அடுத்ததற்கும் இல்லை. கணவரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மூலையில் விலைபோகாமல் கிடந்த பழைய மாடல் ஒன்று. வேகம் குறைவு, சூடாகாததால் உள்ளே ஒரு விசிறி குறைவு. அதை ஓட்டினேன். அவர் இன்னொரு முறை உதட்டை அசைத்தார். அக்கா சட்டென்று திரும்பினார், கண் நிறைந்திருந்தது. "இதுதான் தம்பி. என் பேரு கேட்டுச்சு."

சத்தம் வேண்டும் என்றவர்

அதன்பிறகு யார் வந்தாலும் சத்தம் போடாததைத்தான் முதலில் காட்டுவேன். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்குக் கடிதம் அடிக்க வேண்டும் என்று வந்தார். மனைவி இறந்து சில மாதம் ஆகியிருந்தது. நான் காட்டியதைக் கேட்டார். பிறகு பக்கத்தில் இரைந்துகொண்டிருந்ததன் முன்னால் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அது ராத்திரி பகலா இரையும்" என்றேன்.

"ஓம் தம்பி, அதையே தாங்கோ. வீட்டிலை என்னைத் தவிர ஏதாவது ஒண்டு மூச்சு விடட்டும்."

இத்தனைக்கும் கடை வாசலில் நாங்கள் பெரிய எழுத்தில் எழுதிவைத்து விற்றது வேகத்தைத்தான்.