அத்திப்பட்டு புதுநகரில் இறங்கியவள்

ராயபுரத்தில் ரயில் ஏறி திருவொற்றியூரில் இறங்க வேண்டியவள் நான். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் பில் போடும் வேலை. அன்று காலை திடீரென்று விழிப்பு வந்தாற்போல் சுற்றிப் பார்த்தால், அத்திப்பட்டு புதுநகர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மிளகாய்த்தூள் தூவிய கொய்யா, பாதி கடித்தது. தூங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். தூங்குகிறவள் கொய்யா வாங்குவாளா? கூடைக்காரம்மாவிடமே கேட்டேன். நான்தான் காய் பொறுக்கி எடுத்தேனாம், தூள் போதாது என்று சண்டை வேறு பிடித்தேனாம். எனக்குக் காரமே ஆகாது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், எண்ணூர் விரைவுச் சாலையில் நான் வந்த ஷேர் ஆட்டோவின் மேல் கன்டெய்னர் ஏற்றிய ஒரு டிரெய்லர் லாரி சாய்ந்தது. பிரேக் பிடித்த 'உஸ்' சத்தம், அப்புறம் மெதுவாகச் சரிந்து வரும் கன்டெய்னர். இருபுறமும் ஆட்கள் நெருக்கியதில் என்னால் அசையக்கூட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் கால் முறிந்தது. எனக்கு முழங்கையில் ஒரு கீறல். மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம், வீட்டில் பிரியாணி செய்தோம். நான் அழவுமில்லை, பயப்படவுமில்லை. தைரியசாலி என்றார்கள், நானும் நம்பினேன். நினைத்துப் பார்த்தால், ஆட்டோவுக்குள் நான் இருந்ததாகவே தோன்றாது. சாலையோரம் நின்று வேறு யாருக்கோ நடந்ததைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

கொய்யாவுக்குப் பிறகு அடிக்கடி இப்படி ஆனது. பேச்சின் நடுவே என் முகம் வெறுமையாகிவிடும் என்றார் கணவர். மாமியார் என்னை ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பியது தெரியாமல் அங்கேயும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாத்தனார்தான் என்னை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள் அவள். அவள் பிடித்து இழுத்தால் யாரும் நிற்க முடியாது.

டாக்டரம்மா சின்ன வயது. பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, நான் 'போய்விடுவது' எப்போதும் பிரேக்கின் அந்த 'உஸ்' சத்தத்துக்குப் பிறகுதான் என்று கண்டுபிடித்தார். லாரியோ, ரயிலோ, அந்தச் சத்தம் போதும்.

"அன்னிக்கு உங்களால ஓட முடியல. அதனால மனசு மட்டும் வெளிய போயிடுச்சு. அப்போ அது உங்களைக் காப்பாத்துச்சு. இப்போ ஆபத்து இல்லாதப்பவும் சத்தம் கேட்டா கிளம்பிடுது" என்றார். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்குப் பயம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருமாம். சிலருக்கு அதன் முன்னால் ஷட்டர் விழுந்துவிடுமாம். ஷட்டருக்குப் பின்னால் பயம் அப்படியே இருக்குமாம்.

"அப்போ பேய் இல்லியா?" என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

மனசு நழுவுகிற மாதிரி இருந்தால் சில்லென்று எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நாத்தனார் அதை அன்றிலிருந்தே தன் வழியில் செய்தாள். காலை ரயிலில், கூடையிலிருந்து ஐஸில் கிடந்த மீன் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிடுவாள்.

"அண்ணி, இங்கதான கீற? கைல இன்னா மீனு, சொல்லு."

"சங்கரா."

"கண்ண நல்லா தொறந்து பாரு. கெளங்கான் அது."

பெட்டியில் இருந்த மீன்காரப் பெண்கள் எல்லோருக்கும் இது பொழுதுபோக்காகிவிட்டது. நான் தப்பாகச் சொன்னால் எல்லோருமாகத் திருத்துவார்கள். ஆபீசில் முதலில் என் கை நாறுகிறது என்று முகம் சுளித்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வஞ்சரம் சொல்லிவைக்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் தண்டையார்பேட்டையில் பிரேக் சத்தம் கேட்டது. நான் எங்கும் போகவில்லை. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது. கன்டெய்னர் என் மேலேயே சாய்கிற மாதிரி இருக்க, மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நாத்தனார் அரண்டுபோய் அன்றே டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். சும்மா இருந்தவளை அழவைத்துவிட்டீர்களே என்றாள். டாக்டரோ சிரித்தார். பயப்படுவதற்கு நான் அங்கே இருந்திருக்கிறேனே, அதுவே முன்னேற்றம் என்றார். இனி அந்தப் பயத்தை மெல்ல மெல்லப் பேசிக் கரைக்கலாம் என்றார்.

அப்படித்தான் பேசினோம், பல மாதங்கள். இப்போது அந்த விபத்தைச் சொன்னால் ஆட்டோவுக்குள் இருந்துதான் சொல்கிறேன். எப்போதாவது இன்னும் மனசு நழுவும், ஆனால் நழுவுவது தெரிகிறது.

போன மாதம் நாத்தனாரோடு அதே சாலையில் ஷேர் ஆட்டோவில் போனேன். பக்கத்தில் ஒரு டிரெய்லர் உரசுகிற மாதிரி வந்தது. பயந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொற" என்றேன். "வண்டி போயிடுச்சு."