வாசனையைத் தேடிப் போன காப்பிக் கடைகள்

கொரோனா ஓய்ந்து அலுவலகங்கள் மறுபடி திறந்த சமயம் அது. நாங்கள் அப்போது திருநகரில் குடியிருந்தோம். மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. எனக்கு வந்த காய்ச்சல் சரியாகிவிட்டது. ஆனால் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் கேலி செய்து சிரித்தோம். ஒரு நாள் காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது, நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அணைந்த அடுப்பைப் பார்த்துத் தீப்பெட்டியை எடுத்தபோது கணவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிலிண்டரை மூடிவிட்டு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டார். அதன் பிறகு தனியாக அடுப்படிக்குள் போகவே எனக்குப் பயமாகிவிட்டது.

டாக்டர் மருந்து எழுதித் தரவில்லை. "நல்ல அழுத்தமான வாசனையா தெனமும் மோந்து பழகுங்க. வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்த அழுத்தமான வாசனை காப்பிதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக அலுவலகம் போகிறவள், மாசி வீதிப் பக்கமுள்ள சந்துகளுக்குள் புகுந்து போக ஆரம்பித்தேன். அத்தனை வருடம் அந்த வழியாகப் போய்வந்தும், அங்கே அத்தனை சின்னக் காப்பிக் கடைகள் இருப்பதை நான் கவனித்ததில்லை. ஒருவர் கண் முன்னாலேயே கொட்டை வறுக்கிறார். இன்னொரு கடையில் கேட்கிற அளவுக்குச் சிக்கரி கலந்து அரைத்துத் தருகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடை ஒன்றில் இளம் தம்பதி பால் சேர்க்காத காப்பியை வடித்துக் கொடுக்கிறார்கள். எதுவும் பெரிய கம்பெனியின் கிளை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் தன் கைப்பக்குவத்தை நம்பி நடத்துகிற கடை. ஆண்கள் நின்று குடிக்கிற இடத்தில் நான் கூச்சத்தோடு போய் நின்றால், நகர்ந்து இடம் விடுவார்கள். அவ்வளவுதான்.

அரைக்கிற கடையை ஒரு சௌராஷ்டிரத் தம்பதி நடத்தினார்கள். தங்களுக்குள் அவர்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். குடிக்காமல் டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நான் நிற்பதைப் பார்த்து ஒரு நாள் அந்த அம்மா கேட்டார்.

"என்னக்கா, காப்பில எதுவும் கெடக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, அரவை மெஷின் வாயருகே நிற்கவைத்தார். சுடச்சுடத் தூள் விழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எதுத்தாப்புல அந்த அண்ணே கொட்டை வறுக்காரு. அரைக்கிறதைவிட வறுக்கையில வாசம் தூக்கலா இருக்கும். அங்க போய் நில்லுங்க" என்றார்.

"அது உங்க போட்டிக் கடையாச்சே?"

"அது யாவாரத்துக்கு. இதுல என்ன போட்டி?"

வறுக்கிறவர் அதிகம் பேசாதவர். ஆனால் மறுநாளிலிருந்து நான் சந்து முனையில் தலைகாட்டிய பிறகுதான் சட்டியில் கொட்டையைப் போட்டார். பஸ் தாமதமானால் அவர் வேலையும் தாமதமாகும். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

மாதங்கள் போயின. போதும், இனி போகவேண்டாம் என்று நான் நினைத்திருந்த நேரத்தில், ஒரு காலை டயர் எரிகிற நாற்றம் அடித்தது. "எங்கேண்ணே எரியுது?" என்று வறுக்கிறவரிடம் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்கயும் எரியலையேம்மா" என்றார். சட்டிப் பக்கம் குனிந்தேன். நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. அம்புட்டு நாள் காத்திருந்து, காப்பி எனக்கு ரப்பராக நாறியது. நடுச்சந்தில் நின்று அழுதுவிட்டேன்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாத்தமோ என்னமோ, மூக்குக்குள்ள ஏறிருச்சுல்லக்கா. இம்புட்டு வந்தது மிச்சமும் வரும். வர்றத நிறுத்திறாதீங்க."

டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார், இது நல்ல அறிகுறி என்று. வறுக்கிற புகையை என்னால் தாங்க முடியாத நாட்களில், அவர்களே என்னைக் கண்ணாடிக் கதவுக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கே லேசாக வறுத்த கொட்டையில் போடுகிற காப்பி அவ்வளவாக நாறவில்லை. நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. சந்துக்குள் திரும்புவதற்கு முன்பே எனக்குக் காப்பி மணத்தது. வெறும் காப்பி. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போக, அப்படியே நின்றுவிட்டேன்.

வறுக்கிறவரிடம் சொன்னதும், அதிகம் பேசாத அந்த மனிதர் எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யக்கா, வந்துருச்சாம்."

அந்த அம்மா ஈரக் கையோடு வந்தார். வறுக்கிறவர் எங்கள் இருவருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்தார். அதுவரை அவர் கடைக் காப்பியைக் குடித்ததே இல்லையாம் அந்த அம்மா. ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லண்ணே. எங்க காப்பி அளவுக்கு இல்ல" என்றார். வறுக்கிறவர் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

எனக்கு வாசனை திரும்பியது பெரிய சந்தோஷம்தான். ஆனால் ஒரே சந்தில் ஒரே பொருளை விற்றுப் பிழைக்கிறவர்கள், யாரென்றே தெரியாத ஒருத்திக்காகச் சேர்ந்து காத்திருந்ததை நினைக்கும்போதுதான், இந்த ஊரில் வாழக் கிடைத்ததற்கு இன்றும் மனம் நிறைகிறது.