கயிறு கட்டாத கேட்

எல்லர் பள்ளத்தாக்கில் மோரீன் ஐவ்சனின் குரல் கேட்காத வீடு இல்லை. பல வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கடைசி சீட்டில் தூங்குகிற பிள்ளையை டிரைவர் சீட்டிலிருந்தே எழுப்பிப் பழகிய தொண்டை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் பாட்டை எடுத்துவிட்டால், போதகர் உட்பட எல்லோரும் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டியதுதான். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, அந்தக் கட்டடத்தையே பிடித்து, சைக்கிளில் வருகிறவர்கள் தங்கிப் போகிற விடுதியாக்கினார். அங்கே சமையலும் படுக்கை விரிப்பும் என் வேலை.

மோரீனின் முழங்கால் வலிக்குச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். அவர் சொன்னது வீட்டுக்குள் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிற சைக்கிள். மோரீன் வாங்கியது தடித்த டயர் போட்ட மலை சைக்கிள். அதில்தான் தினமும் விடிந்ததும் சைக்கிள் பாதையை ஒரு பார்வை பார்த்து வருவார்.

அந்தப் பாதை, ரயில் நிற்கிற ஊரில் தொடங்குகிறது. மேட்டுவெளியில் ஏறி, ஊதாப் பூப் பூக்கிற ஹெதர் புதர்களுக்கு நடுவே கருஞ்சேற்றுத் தடத்தில் உருண்டு, எல்லர் ஆற்றில் இறங்கி நனைந்து, எதிர் மேடு ஏறி அடுத்த ஆற்றுக்குப் போகும். ஆனால் மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள மேய்ச்சல் நிலம் கிளிஃபோர்ட் ஆல்டர்சனுடையது. அதன் வழியே சைக்கிள் போக யாருக்கும் உரிமை கிடையாது. அவராக வாய்வார்த்தையில் விட்டிருந்தார். ஒரு நாள் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், குவாரி லாரிகள் ஓடுகிற ரோட்டோடு சுற்றித்தான் போக வேண்டும். அந்த ரோடு எங்கள் ஊரைத் தொடுவதே இல்லை. அப்புறம் விடுதிக்கு யார் வருவார்கள்?

ஆகவே மோரீன் அந்த நிலத்தின் கேட்டுகளைக் கோவில் கதவு மாதிரி பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சுக் கயிற்றால் சுவரோடு இழுத்துக் கட்டித் திறந்திருந்தால் அது ஆட்டுக்காரர் திறந்தது. கை வைக்கக் கூடாது. கயிறு இல்லாமல் திறந்து கிடந்தால், போனவன் மறந்துவிட்டான் என்று அர்த்தம். பார்த்தவர் மூடிவிட வேண்டும்.

போன ஜூலையில் ஒரு வாரம் விடாத மழை. விட்ட மறுநாள் காலை, மூடுபனி இன்னும் கலையவில்லை, மோரீன் நிலத்தின் மேட்டுப் பக்கத்து மேல்கேட்டுக்குப் போனார். கேட் அகலத் திறந்து கிடந்தது. கயிறு இல்லை. மூடாமலிருக்க ஒரு கல் வேறு முட்டுக் கொடுத்திருந்தது. இறங்க அலுத்த சைக்கிள்காரன் எவனோ செய்த வேலை என்று நினைத்து, கல்லை உருட்டிவிட்டு, கேட்டை மூடிக் கொக்கியும் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

நான் கஞ்சி பரிமாறிக்கொண்டிருந்தேன். லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த சைக்கிள்காரர்கள் ஆறு பேரும் மோரீனும் மேஜையில் இருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு கிளிஃபோர்ட் வந்தார். முழங்கால் வரை சேறு.

"எவன்டா அது? எவன் என் மேல்கேட்டை மூடினது?"

ஆறு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"இத்தனை வருஷமா மூடுங்கடா மூடுங்கடான்னு கத்தினேன். ஒருத்தனும் கேக்கலை. இன்னைக்கு எவனுக்கோ புத்தி வந்து மூடிட்டான்! ரோமம் கத்தரிக்க ஆட்டை இறக்கிட்டு வரேன், மொத்த மந்தையும் கேட்டுல வந்து முட்டிச்சு. திரும்பி, நாயைத் தாண்டி, மேடேறி ஓடிருச்சு. இப்ப மேட்டுக்கு அந்தப் பக்கத்து ரா குடும்பத்து ஆட்டோட கலந்து நிக்குது."

அந்த ஆறு பேரில் நதீம் என்கிற குழாய் வேலைக்காரர் மெல்ல, "ஐயா, நாங்க இன்னும் படுக்கையை விட்டே சரியா எழுந்திருக்கலை" என்றார்.

காலையிலேயே கடந்து போன யாராவது செய்திருப்பார்கள் என்று மோரீன் சொல்லிவிட்டால் முடிந்தது. முகம் தெரியாத ஆள்மேல் பழி போகும், பாதைக்கும் ஏதாவது சமாதானம் பேசலாம். நான் மனதுக்குள் ஜெபம் பண்ணினேன். எதற்கென்று எனக்கே தெளிவில்லை.

"நான்தான் கிளிஃப் மூடினேன்" என்றார் மோரீன். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நீயா?"

"நான்தான். இன்னைக்கு இறக்குவேன்னு தோணலை."

கிளிஃபோர்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அப்ப இத்தோட சரி. உன் சைக்கிளுங்க என் நிலத்துல கால் வைக்கக் கூடாது. லாரி ரோட்டுல போகட்டும்."

கதவருகே அவர் அக்கா ஈனிட் நின்றிருந்தார். தம்பியோடு சேர்ந்து பண்ணையை நடத்துகிறவர், பேச்சு குறைவு.

"கேட்டுல கயிறு கட்டினியா?" என்று தம்பியைக் கேட்டார்.

"கல்லு வெச்சேன்."

"கயிறு எங்கே போச்சு?"

அவர் கை இடுப்புக்குப் போனது. எல்லோரும் பார்த்தோம். மழைக்கோட்டின் பொத்தான்கள் போய், இடுப்பைச் சுற்றி ஆரஞ்சுக் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது.

நதீம் இருமினார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கப் பாடுபட்டோம்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளிஃபோர்ட் போய்விட்டார்.

மோரீன் எழுந்தார். "அவன் கயிறு கட்டலைங்கறது அவன் பாடு. மூடினது என் கை. ரெண்டு ஆளும் ரெண்டு நாயும் அந்த மந்தையைப் பிரிச்சு இறக்க முடியாது. நான் போறேன்." சைக்கிள்காரர்களைப் பார்த்தார். வரச் சொல்லிக் கேட்கவில்லை. நதீமே எழுந்து ஷூவைத் தேடினார்.

மேட்டில் எங்களைப் பார்த்ததும் கிளிஃபோர்ட் கை வீசினார். என்னையும் இழுத்துப் போயிருந்தார் மோரீன். நான் நடந்துதான் போனேன்.

"சைக்கிளைப் பார்த்தா ஆடு மிரண்டு ஓடும், போங்க!"

"ஓடணும்னுதானே காலையிலேருந்து கத்திட்டிருக்கோம்" என்றார் ஈனிட். "எந்தப் பக்கம் ஓடணும்னு அவங்களுக்குச் சொல்லு."

கிளிஃபோர்ட் பனிக்குள் கண்ணை ஓட்டினார். பிறகு கைத்தடியால் காட்டினார். "அந்தத் தடத்துல வரிசையா நில்லுங்க. யாரும் ஏறி ஓட்டக் கூடாது. தள்ளிட்டு மெதுவா வாங்க. வாயைத் திறக்கக் கூடாது. மோரீன், முக்கியமா நீ."

முதலில் நாய்கள் இரண்டும் ரா குடும்பத்து ஆடுகளைப் பிரித்து அந்தப்புறம் அனுப்பின. பிறகு நாங்கள் நகர்ந்தோம். தள்ளும்போது பின்சக்கரங்கள் டிக்டிக்கென்று சன்னமாகச் சத்தம் போட்டன. ஆடுகள் தலை தூக்கின, மிரளவில்லை, விலகின. பனி கரைந்து ஹெதரின் மேல் வெயில் விழுந்தது. ஆண்டவர் அந்த இடத்தை நிதானமாகப் படைத்திருக்கிறார் என்று தோன்றியது. பேசாமலிருக்கவே முடியாத மோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு, மேய்ப்பனின் கோலைப் பிடித்தவர் மாதிரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதியத்துக்குள் கடைசி ஆடும் கேட்டுக்குள் போய்விட்டது.

ஆடு இறக்க வந்தவர்களைப் பண்ணை வீட்டு அடுப்பங்கரையில் உட்காரவைத்துச் சோறு போடாமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் கிடையாது. கோபமிருந்தாலும் கிடையாது. ஈனிட் சேற்று ஷூக்களை வாசலில் கழற்றச் சொல்லி, எல்லோரையும் நீள மேஜையில் உட்காரவைத்தார். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி, பிறகு பழக்கேக்கும் அதன்மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும். நதீம் இறைச்சியை மறுத்ததும், ஒன்றும் கேட்காமல் இரண்டு முட்டை பொரித்து வைத்தார்.

கிளிஃபோர்ட் சாப்பிட்டு முடித்தார். தேநீரை ஊற்றிக்கொண்டு, மோரீனைப் பார்க்காமல் நதீமைப் பார்த்துச் சொன்னார்:

"அக்டோபர்ல மறுபடி இறக்கணும். நீங்க ஆறு பேரும் வருவீங்களா?"

"வரோம் ஐயா."

மோரீன் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த வழியா வருவாங்க கிளிஃப்?"

அவர் கேக்கை ஒரு கடி கடித்து, நன்றாக மென்று விழுங்கினார்.

"என் நிலத்து வழியாத்தான். பின்னே, ரோட்டுல சுத்திக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள ஆடு கிழவியாயிடாதா?"