நீலக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் பூகோளம் நடத்தும் நான், வரைபடத்தில் அளவுகோலைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். வெளியே சொன்னால் வெட்கம்.

கடலூர் முதுநகரில் ஆற்றங்கரையில் நிற்கிறேன். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பன் சேகர் எதிர்க்கரையில் இருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு வேன் ஏறி, குடும்பத்தோடு கனடாவுக்கே போகிறான். போனில் ஆறு நூல்போல ஒரு நீலக் கோடு. அவன் வீடு அதைத் தாண்டி ஒரு விரல்கடை தூரம். சிதம்பரமும் கடலூரும் ஒரே திரையில் தெரியும்படி படத்தைச் சுருக்கி வைத்திருந்ததுதான் வினை. நடந்தே போய்விடலாம் என்று ஆட்டோவையும் அனுப்பிவிட்டேன். நேரில் அந்த நூலில் விசைப்படகுகள் போகின்றன.

வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மீனவ அம்மாவிடம் பாலம் எங்கே என்று கேட்கிறேன்.

"பாலமா? அதுக்கு ஊரையே சுத்திக்கினு போவணும் சார். படகுக்காரரு கஞ்சி குடிக்கப் போயிருக்காரு, வருவாரு."

"மேப்புல ஆறு சின்னதா இருந்துச்சும்மா."

"அதுல நீங்க எம்மாம் பெருசா இருக்கீங்க?"

பார்க்கிறேன். ஒரு நீலப் புள்ளியாக இருக்கிறேன். சுற்றிலும் எதுவும் இல்லை.

படகு வந்து, நான் அக்கரை சேரும்போது சேகர் வீட்டில் பூட்டு தொங்குகிறது. போன் அடித்து, அளவுகோலைப் பார்க்காமல் வந்த கதையைச் சொல்கிறேன். வேன் சத்தத்துக்கு மேலே கத்துகிறான்.

"ஸ்கேலப் பாக்காததுக்கு எத்தினி பசங்கள முட்டி போட வச்சிருப்ப? இப்ப நீ போடு மச்சான்."