இடது கை தூக்கிய மூக்கம்மாள்

தேவாரத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருக்கும். ஆனாலும் அன்னத்தாய் நின்றுகொண்டேதான் வருவாள். உட்கார்ந்தால் பயம் கூடுமாம். போடி தாண்டினால் உள்ளங்கை வேர்க்கும். தேனி வந்து சேர்வதற்குள் கையைத் துடைத்துத் துடைத்து சேலை முந்தானை கசங்கிப் போயிருக்கும். இத்தனைக்கும் அவள் புலிக் கூண்டுக்குள் போகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தப் போகிறாள்.

அது 2005. பி.எட். படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு பள்ளியில் நாற்பது நாள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய வகுப்பில் அறுபத்து மூன்று பிள்ளைகள். நூற்று இருபத்தாறு கண்கள் என்று முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டாள் பாவி. கல்லூரியிலிருந்து பேராசிரியர் சங்கரலிங்கம் பார்வையிட வந்தபோது வணக்கம் சொன்னதோடு சரி. நான்கு நிமிடம் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே பயம் வந்து சும்மா இருந்தார்கள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வராந்தாவில் வைத்து, "இன்னொரு தடவை வருவேம்மா. அன்னைக்கும் இப்படின்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. அடுத்த வருசம் திரும்ப நாப்பது நாள் பாக்கணும்" என்றார்.

அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. அம்மா விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். "ஒரு வருசந்தேன் என்னால முடியும் ஆத்தா. தேறலைன்னா நீயும் எங்கூட ஜீப்புல ஏறிக்கிட வேண்டியதுதேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

கூடவே பயிற்சிக்கு வந்த ஸ்டீவன் போடி ஜவுளிக்கடைக்காரர் மகன். பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள். "இதுக்குப் போயா இம்புட்டு அழுகுற? பதில் தெரிஞ்ச பிள்ளைக வலது கையத் தூக்கட்டும். தெரியாததுக இடது கையத் தூக்கட்டும். கேள்வி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்கும். நீ வலது கையாப் பாத்து எழுப்பு. சாரு அசந்துருவாரு. எங்க சீனியரெல்லாம் இப்படித்தேன் தப்பிச்சாக" என்றான்.

பன்னிரண்டு நாள் பழக்கினாள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகப் பிடித்துப்போனது. சிலர் ஒரு நாள் வலது கை தூக்குவார்கள், மறுநாள் இடது. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காரும் மூக்கம்மாள் மட்டும் பன்னிரண்டு நாளும் இடது கைதான். இதற்கு ஒன்றும் ஏறாது என்று அன்னத்தாய் முடிவுகட்டி, அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சங்கரலிங்கம் வந்தார். மூக்கம்மாளுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பாடம் திரவ அழுத்தம். அன்னத்தாய்க்குத் தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. ஜீப்பின் பின்கதவு கண்ணுக்குள் வந்து வந்து போனது. எப்படியோ கேள்விக்கு வந்து சேர்ந்தாள். "வைகை அணைச் சுவரை அடியில் மட்டும் ஏன் அவ்வளவு அகலமாகக் கட்டியிருக்கிறார்கள்?"

அறுபத்து மூன்று கைகள் எழுந்தன. பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நிற்கிறவளுக்குப் பிள்ளைகளின் வலது தன் இடது பக்கம். பன்னிரண்டு நாளும் மறக்காதது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. தன் வலது பக்கம் தெரிந்ததுதான் வலது கை என்று நினைத்து ஒன்றைக் காட்டி, "நீ சொல்லு" என்றாள்.

எழுந்தது மூக்கம்மாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அன்னத்தாய்க்கு உயிர் போய்விட்டது. வேறு யாரையாவது எழுப்பலாம் என்றால் பேராசிரியர் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கம்மாள் தாவணி நுனியை முறுக்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆழம் கூடக் கூடத் தண்ணியோட அழுத்தம் கூடும் டீச்சர். அடியிலதேன் ரொம்ப அமுக்கும். அதத் தாங்கணும்ல" என்றாள். சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். "கடைசி பெஞ்சுப் பிள்ளையப் பேச வச்சிட்டியேம்மா, நல்லா இரு" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனார். இனி அம்மாவோடு ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

மதியம் குழாயடியில் மூக்கம்மாளைப் பிடித்தாள். "ஏம்புள்ள, தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு இடது கையத் தூக்குன?"

"வலதத் தூக்குனா எந்திரிக்கச் சொல்லுவீக டீச்சர். எல்லாரும் திரும்பிப் பாப்பாக."

"மத்த நாளும் தெரியுமா?"

அது ஆமாம் என்று தலையை ஆட்டியது.

அன்னத்தாய்க்கு அழுகை வந்தது. படித்த காலமெல்லாம் தானும் இப்படி ஒரு கடைசி பெஞ்சில்தான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். இன்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அப்படி ஒரு பெஞ்சில் ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு நாள் ஒளிய விட்டிருக்கிறாள். மறுநாள் அந்த ஏற்பாட்டை நிறுத்தினாள். கடைசி பெஞ்சுக்கு நடந்து போய், மூக்கம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "உக்காந்தே சொல்லு" என்றாள். பயிற்சி முடிகிற வரை அப்படித்தான் நடந்தது.

2010இல் அன்னத்தாய் கம்பம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரிக்கு அவள் வகுப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, உக்காந்துக்கிட்டே பதில் சொல்லுதுக? மரியாதை கத்துக் குடுக்கலையா?"

"எந்திரிக்கச் சொன்னா பயப்படும் சார்."

"எது பயப்படுது? காட்டுங்க பாப்போம்."

உள்ளங்கை வேர்த்தது. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை டெஸ்க்கோடு டெஸ்க்காகக் குனிந்துகொண்டது. அன்னத்தாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதிகாரிக்கு முன்னால், வகுப்பு பார்த்துக்கொண்டிருக்க, தன் வலது கையைத் தூக்கினாள். "நாந்தேன் சார்" என்றாள்.