சௌந்திரம் சத்தம் போட்ட காலை

சௌந்திரம் சத்தமாகப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பேருந்தில் இறங்கும் ஊரைச் சொன்னால் கண்டக்டர் குனிந்து இன்னொரு தரம் கேட்பார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருசன் நாச்சிமுத்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே பேச்செல்லாம் கைச்சாடைதான். ஒடிசா, சத்தீஸ்கர் என்று வண்டியோடு போனால் மழைக்காலத்துக்குத்தான் வீடு. இப்படி ஒரு முடிச்சைப் போட்ட கடவுளை என்னவென்று சொல்வது!

இந்த மழைக்கு வந்த மனுசனுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நல்ல டாக்டர், அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், ஏனென்றால் சௌந்திரமும் கூடவே கிளம்பிவிட்டாள்.

சங்ககிரிக் கோட்டை மலையைச் சுற்றி மண் சாலை. தலைக்கு மேலே பாறையோடு பாறையாக மதில் ஏறிப் போகும். சாலையைத் தாண்டினால் ஏரிக்கரை. ஏரியின் இந்தக் கடைசியில் தண்ணீர் குறைவு, சேறுதான். காலை வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். ஆள் உயரக் கோரை, அதற்குள் மடையான் கொக்குகளும் நாமக்கோழிகளும். கரைமேல் ஒற்றையடிப் பாதை என்பதால் அவர் முன்னே போவார், அவள் பின்னே போவாள். அந்த அகன்ற முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திருவிழா மாதிரி வருசத்துக்கு ஒருமுறை பார்த்தவள் அல்லவா! வீட்டிலோ மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். போதாததற்கு இவர் டிவியை அலற விடுவார். புருசனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கக் கிடைத்த இடம் இந்தக் கோட்டை அடிவாரம் ஒன்றுதான்.

அதற்கும் வேட்டு வைக்க ரிக் ஓனர் ஆள் அனுப்பினார். ராய்ப்பூர்ப் பக்கம் புது வண்டி போகிறது, நாச்சிமுத்து வந்தால்தான் ஆகும் என்று. இவர் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை கரைமேல் நடக்கும்போது சௌந்திரம் அவர் முதுகைப் பார்த்து, போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. அவர் "ம்" என்றார். அது போதாதா? வீட்டுக்கு வந்தவள் யாரும் கேட்காமலே பணியாரம் சுட்டாள்.

நாலு நாள் கழித்து ஒரு ராத்திரி, நாளைச் சாயங்காலம் வண்டி கிளம்புகிறது, லுங்கியும் போர்வையும் பையில் வைத்துவிடு என்றார் நாச்சிமுத்து. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்கிற ஆள் இல்லையே இவர் என்று ராத்திரியெல்லாம் குழம்பினாள். விடிந்ததும் நடக்கப் போனபோது, என்னவோ தோன்றிப் பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோட்டை இடிஞ்சு ஏரிக்குள்ள உழுந்துருச்சுங்க."

"ம்," என்றார் நாச்சிமுத்து. "ஆகட்டும்."

அவருக்குக் காது கேட்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தைப் பார்த்துப் பேசினால் வாயசைவை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனுசன். அவர் பாட்டுக்கு எட்டி நடை போட்டார். பாதையில் முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள். கரையோரக் கோரையில் ஊர்க்கார முத்தாயம்மாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் காதில் விழ ஒரு பெண்பிள்ளை புருசனிடம் இதைச் சொல்வதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சாயங்காலம் வண்டி போய்விடுமே!

"போவாதீங்க!"

அது அவள் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மடையான்கள் மொத்தமாக எழும்பின. முன்னால் போனவர்கள் போட்ட காலைப் போட்டபடி நின்றார்கள். முத்தாயம்மாள் அரிவாளோடு கரைக்குத் தாவினாள். நாச்சிமுத்து ஒரு காலைத் தூக்கியபடியே திரும்பினார்.

"எங்க புள்ள பாம்பு?"

"பாம்பு இல்லீங்க. ரிக்குக்குப் போவாதீங்க."

முத்தாயம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. காலைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசத்துல ஒருக்காவது போவாதேன்னு சொல்லிருக்கறயா?" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் சொன்னனுங்க," என்று அதே சத்தத்தில் சொன்னாள் சௌந்திரம். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "வாசல்ல நின்னு சொல்லுவனுங்க. வண்டிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்குல."

நாச்சிமுத்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வாரதில்லைன்னு ஓனர்கிட்ட நீயே சொல்லீரு. அவரு பேசறது எனக்குக் கேக்காது. ரொம்ப நாளா யாரு பேசறதும் கேக்கறதில்ல, புள்ள." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ இப்பச் சொன்னது கேட்டுருச்சு."